ஒரே ஒரு அந்தோணி

தம்பி,

முதல் கல் மெருகேறி முடிந்துவிட்டது. பைபாஸ் ஓரத்துக் கல் பட்டறையின் மேஸ்திரி நேற்று மாலை போனில் சொன்னார். சொன்னதை மட்டும் வைத்து எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லாததால் இன்று காலை வண்டியை எடுத்துக்கொண்டு போய் நேரிலும் பார்த்துவிட்டேன். கறுப்புக் கல். குனிந்தால் முகம் தெரிகிறது. இன்னும் ஒரு எழுத்தும் விழவில்லை. நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய வரைபடம் மேஸ்திரியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. திரையில் காட்டச் சொல்லி, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அந்தோணி என்ற பெயர் ஒரே ஒரு முறைதான் வருகிறது. திங்கட்கிழமை காலையில் வெட்டத் தொடங்குகிறார்கள்.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடுகள் விழுகின்றன, பதில் விழுவதில்லை. அடுத்த வாரம் உன் எழுத்துகளை வெளிநாட்டுக் கண்காட்சியில் வைப்பதற்காக நீ விமானம் ஏறுகிறாய் என்பதை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதனால் வியாழக்கிழமை வெளியாகும் நம் ஊர் வாரப் பத்திரிகையில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். பெற்ற மகனைப் பற்றி அச்சில் எழுதக் கூடாது என்று இத்தனை வருடம் இருந்தேன். உன் எழுத்துருவுக்குப் பரிசு கிடைத்தபோது ஒரு வரிச் செய்திகூட நான் கொடுக்கவில்லை, அது உனக்கு வருத்தம் என்றும் எனக்குத் தெரியும். இப்போது எழுதுவது அந்த வருத்தத்தைத் தீர்க்காது.

வாசிக்கிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. திரேஸ்புரம் கரையில், சங்கு குளிக்கப் போய்க் கடலில் உயிர்விட்டவர்களுக்காக ஒரு நினைவுச் சுவர் எழும்புகிறது. வள்ளத்தில் கம்ப்ரஸர் ஓட, காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குகிற தொழில் அது. குழாய் மடங்கினாலும் போச்சு, அவசரமாக மேலே வந்தாலும் போச்சு. செத்தவர்களின் பெயர்களைத் திரட்டித் தரச் சொல்லிக் கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். நான் நாசரேத்துக்காரன், அந்தக் கரைக்கு வெளியாள். ஆனால் நிருபராக அங்கே ஒவ்வொரு சாவுக்கும் போய் நின்றவன் நான்தான். அவர்களுக்கு நான் ‘பேப்பர் சார்’. வீடு வீடாகப் போய்க் கேட்டு, இரண்டு பேர் சொன்ன பிறகே ஒரு பெயரைச் சேர்த்தேன். எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, “என் மகன் இருக்கிறான்” என்று சொன்னவனும் நான்தான். அதற்கான தண்டனையாகவும் இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்.

உன் எழுத்தை நான் மட்டமாகச் சொல்லப் போவதில்லை. முத்துக்குளிப்பை நினைத்து சலாபம் என்று அதற்கு நீ பெயர் வைத்த நாளில், நம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து எனக்குக் காட்டினாய். தடித்த கோடு இறங்கி வந்து மயிரிழையாக மெலிகிறது. முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பாதம், அதை செரிஃப் என்று சொன்னாய். ணகரச் சுழி சங்கின் வாய்போல உள்ளே உள்ளே போகிறது. மெய்யெழுத்தின் புள்ளியை வெறும் பொட்டாக வைக்காமல் வளையத்துக்குள் ஒரு முத்தாக வைத்திருந்தாய். தமிழில் இப்படி ஒரு அலங்காரத்தை நான் பார்த்ததில்லை. மக்ரூன் இனிப்பு டப்பாவில் அதைப் பார்த்தேன், நகைக்கடைப் பலகையில் பார்த்தேன், இரண்டு இடத்திலும் நின்று பார்த்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் என் பையன் செய்தது என்று சொல்லியும் இருக்கிறேன். அவர் “அப்படியா, நல்லா பெயின்ட் அடிக்கானே” என்றார். நான் திருத்தவில்லை.

ஆனால் அந்த எழுத்துக்கு இடம் வேண்டும். நீயே சொன்னதுதான். உன் திருமண அழைப்பிதழ் நினைவிருக்கிறதா? நம் பக்கத்தில் அழைப்பிதழ் என்றால் உறவுமுறை எல்லாம் வரிசையாக நிற்கும். தாய்மாமா, பெரியப்பா, அத்தை வீட்டார், அவரவர் வேலை, ஊர், ஓய்வு பெற்றிருந்தால் அடைப்புக்குள் ஓய்வு. நீ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உன் பெயர், உன் மனைவி பெயர், ஆலயம், நேரம் என்று நான்கு வரியில் முடித்தாய். வெள்ளைத் தாளில் அந்த நான்கு வரியும் அத்தனை அழகு. சாத்தான்குளத்துப் பெரிய மாமா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பின்னாலயும் ஒண்ணுங் காணலியே” என்று மட்டும் சொன்னார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் சேர்த்தவர் அவர். கல்யாணத்துக்கு வரவில்லை. முட்டுவலி என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு நான் உன் பக்கம்தான் பேசினேன். காலம் மாறிவிட்டது, அட்டையில் பெயர் இருந்தால்தான் உறவா என்று பெரிதாகப் பேசினேன். உன் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள்: “எழுத்துக்கு எடம் விடணும்னு ஆள வெளிய நிறுத்துதான் ஒம்ம மவன். நீரு அதுக்கு வக்காலத்து வாங்கும்.” நான் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

சுவருக்கும் அதே கதைதான். கடலோரத்தில் கிடைத்த இடத்துக்கு ஏற்பச் சுவரின் நீளம் முடிவாகிவிட்டது, கல்லும் வாங்கியாகிவிட்டது. எழுத்தை ஸ்டிக்கராக வெட்டிக் கல்லில் ஒட்டி, அதன்மேல் மணலை வேகமாக அடித்துப் பள்ளமாக்குகிறார்கள். உன் எழுத்தைச் சிறிதாக வைத்தால், மெல்லிய பாதங்களும் முத்து வளையங்களும் ஸ்டிக்கரோடு பிய்ந்து வந்துவிடுகின்றன. மேஸ்திரி ஒரு துண்டுக் கல்லில் அடித்துக் காட்டினார். பார்க்க அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. அதனால் எழுத்தைப் பெரிதாக்கினாய். பெரிதாக்கியதும் வரிகள் கல்லை விட்டு வெளியே போயின. வேறு எழுத்து எடுத்திருக்கலாம். நீ பெயர்களைக் குறைத்தாய்.

முதலில் போனது பட்டப்பெயர். பிறகு தகப்பன் பெயரின் முதலெழுத்து. கமிட்டிச் செயலாளர் ஒரு விசைப்படகு முதலாளி. அவருக்கும் அது சரியாகவே பட்டது. “பட்டப்பேரு கல்லுல வேண்டாம் சார், நாளைக்குப் பேரன் பேத்திய ஊர்ல கேலி பண்ணுவானுவ” என்றார். நான் அவரோடு வாதாடினேன். இந்தக் கரையில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது வைக்கிற பெயர்கள் கொஞ்சம்தான், சூசை, மிக்கேல், சவேரியார், அந்தோணி என்று அதற்குள்ளேயே சுற்றி வரும். ஒரு ஆளை இன்னொரு ஆளிடமிருந்து பிரிப்பது முதலெழுத்தும் பட்டப்பெயரும்தான். நீ வீடியோ அழைப்பில் இருந்தாய். “அப்பா, பெரிசா நிக்கிற எழுத்து இது, டிஸ்ப்ளே ஃபேஸ். இனிஷியல் போட்டா பேலன்ஸ் போயிரும். பேரு தனியா நின்னாதான் கம்பீரமா இருக்கும்” என்றாய். செயலாளர் ‘கம்பீரம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் அதோடு முடிந்தது.

நான் உனக்குக் கொடுத்த பெயர்களில் அந்தோணி மூன்று பேர். த. அந்தோணி, கட்டையன். மி. அந்தோணி, வெள்ளையன். சூ. அந்தோணி, ரேடியோ. முதல் இருவரின் உடல்கள் கரைக்கு வந்தன, கல்லறைத் தோட்டத்தில் பெயர் எழுதிய சிலுவைகளோடு கிடக்கிறார்கள். ரேடியோ அந்தோணி வரவில்லை. அவனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவனோடு சங்கு குளித்த பழைய குளியாளி சிலுவை அண்ணாச்சி ஒருமுறை சொன்னார். “வள்ளத்துல ஏறுனதுலேந்து எறங்குத வரைக்கும் வாய் ஓயாது சார். தண்ணிக்குள்ள போனாத்தான் வாயில குழாய் இருக்கும், நாங்க கொஞ்சம் நிம்மதியா இருப்போம்.” அந்தக் குழாய் மட்டும்தான் ஒரு நாள் மேலே வந்தது. நான் எழுதிய செய்திக்கு ‘சங்கு குளிக்கச் சென்றவர் மாயம்’ என்று தலைப்பு வந்தது. இன்றுவரை காகிதத்தில் அவன் மாயம்தான். அவன் மனைவி ஜெசிந்தா கறுப்பும் உடுத்தவில்லை, தாலியையும் கழற்றவில்லை. மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைத்து மகளைப் படிக்க வைத்தாள். கல்லறைத் திருநாள் அன்று ஊரே பூவும் மெழுகுதிரியும் கொண்டு தோட்டத்துக்குப் போகும்போது அவள் எங்கே போவாள் என்று நான் கேட்டதில்லை. ஒரு வருடம் தற்செயலாகப் பார்த்தேன். தோட்டத்துப் பெரிய சிலுவையின் அடியில், யாரும் யாருக்காகவும் ஏற்றுகிற இடத்தில், ஒரு திரியை ஏற்றிவிட்டு நின்றாள்.

இந்த மூன்று பேரும் எப்படி ஒருவரானார்கள் என்பதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதலெழுத்தும் பட்டப்பெயரும் போன பிறகு, உன் அலுவலகத்தில் ஒரு பெண் பெயர்களை அகர வரிசையில் அடுக்கியிருக்கிறாள். அந்தோணி, அந்தோணி, அந்தோணி என்று அடுத்தடுத்து வந்திருக்கிறது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து இரண்டை எடுத்துவிட்டாள். மிக்கேலிலும் ஒன்று போனது, சவேரியாரிலும் ஒன்று. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு இந்தக் கரையைத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ படித்த வகுப்பில் இரண்டு அந்தோணி இருந்தார்கள். பந்து அந்தோணியா, டிபன் அந்தோணியா என்று கேட்டுவிட்டுத்தான் நம் வீட்டுக் கதவைத் திறப்பாய்.

பிறகு கரையில் வலை தைக்கும் கூடத்தில் நடந்ததை நீ வேறு விதமாக நினைவு வைத்திருக்கலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். சுவர் எப்படி இருக்கும் என்று காட்ட, அதே அளவில் ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டியிருந்தார்கள். நீ வந்திருந்தாய், போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாய். பெண்கள் முதலில் எழுத்தைத்தான் பார்த்தார்கள். “ஏளா, புள்ளிய பாரேன், முத்து பதிச்ச மாரி இருக்கு” என்று ஒருத்தி தொட்டுப் பார்த்தாள். ஜெசிந்தா மட்டும் பின்னால் நின்றாள். “இங்கன வாளா, கண்ணாடியப் போட்டுப் பாரு” என்று யாரோ இழுத்துவிட்டார்கள். அவள் மேலிருந்து கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள். பிறகு உன்னிடம் மெதுவாகத்தான் கேட்டாள்.

“தம்பி, எழுத்து அம்புட்டு அழகா இருக்கு. இதுல எந்த அந்தோணி எங்க வீட்டுக்காரரு?”

நீ அப்போதுதான் பிழையைக் கண்டுகொண்டாய். உன் முகத்தில் அது தெரிந்தது. அந்த நிமிடம் நீ “தப்பா போச்சும்மா” என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நீ சொன்னது: “மூணு பேருக்கும் பொதுவா ஒரு பேருன்னு வச்சுக்கோங்கம்மா. ஒரு சிம்பல் மாதிரி.”

சிலுவை அண்ணாச்சி வலை தைக்கும் ஊசியைக் கீழே வைத்தார். “ஏலே தம்பி, கடல் மூணு பேரைத் தனித்தனியாத்தான எடுத்துச்சு. அது பொதுவா ஒருத்தன எடுத்துட்டு விட்டுருக்கலாமே.” கூடமே சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள், அது எனக்கு இன்னும் புரியவில்லை. நீ சிரிக்கவில்லை. காருக்கு வரும் வழியில் என்னிடம், “இவங்களுக்கு டிசைன் புரியாதுப்பா” என்றாய். நான் அந்த இடத்திலேயே உன்னை நிறுத்தியிருக்க வேண்டும். ரயிலுக்கு நேரமாகிறது என்று கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டேன்.

அதற்குப் பிறகு நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. சுவரின் உச்சியில், ‘கடலில் உயிர்விட்டவர்கள்’ என்ற வரியை சலாபத்தில் வை. எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வை, ரோட்டிலிருந்தே தெரியட்டும். பெயர்களை மட்டும் பட்டறையில் எப்போதும் வெட்டுகிற அந்தச் சாதாரண எழுத்தில் விடு. அது அழகில்லைதான். வீட்டு எண் பலகையில் இருக்கிற எழுத்து. ஆனால் சிறிதாக்கினாலும் உடையாது, முதலெழுத்துக்கும் பட்டப்பெயருக்கும் இடம் கொடுக்கும். நான் தலைப்பு எழுதிக் காலத்தை ஓட்டியவன். பெரிய எழுத்து தெருவில் போகிறவனை நிறுத்துவதற்கு. நின்றவன் கிட்டே வந்து தேடுவது ஒரு ஆளை. அந்த இடத்தில் உன் எழுத்து விலகிக்கொள்ள வேண்டும்.

நீ சொன்ன பதில் எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. “அப்ப அது என் வொர்க் இல்லப்பா. கண்காட்சிக்கு இந்தச் சுவரோட டிசைன் படம்தான் போகுது.” அதன் பிறகு நீ போனை எடுக்கவில்லை.

உன்னிடம் நான் ஏன் இவ்வளவு கசப்பாகப் பேசுகிறேன் என்று உன் அம்மா கேட்கிறாள். “பிள்ளை தூரமாப் போறான், நல்ல வார்த்தை சொல்லும்” என்கிறாள். எனக்கு வருகிற நல்ல வார்த்தை இதுதான். நீ கெட்டவன் இல்லை. யாருடைய பெயரையும் வேண்டுமென்று அழித்தவன் இல்லை. உனக்குப் பிடித்த ஒன்றின் அளவு மாறக் கூடாது என்று பிடிவாதமாக நின்றாய், அந்தப் பிடிவாதத்தின் ஓரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே விழுந்தார்கள். முதலில் உன் மாமா, பிறகு இவர்கள். அவர்கள் விழுந்த சத்தம் உனக்குக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அதற்கு நீ வைக்கிற பெயர் எந்த எழுத்தில் அழகாக வருகிறது என்று பார்த்துத்தான் வைப்பாய் என்று உன் அம்மா கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளிநாட்டில் உன் எழுத்துக்கு முன்னால் நிற்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு அந்தோணி என்பது நடுவில் கொம்பு வளைந்த, கடைசியில் சுழி சுற்றிய ஒரு வடிவம். கைதட்டுவார்கள். அந்த வடிவம் ஒருத்தியின் வீட்டுக்காரரா என்று அங்கே யாரும் உன்னிடம் கேட்கப் போவதில்லை. கேட்கிறவள் இங்கேதான் இருக்கிறாள். சுவர் நிற்கப் போவதும் இங்கேதான், நீ எப்போதாவது லீவில் வந்து போகும்போது தாண்டிப் போக வேண்டிய ரோட்டில்.

இனி முடிவாகாமல் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். திருத்திய வரைபடம் வந்தால் வாங்கிக்கொள்வதாக மேஸ்திரி ஒப்புக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை மாலை பட்டறை மூடும்வரை காத்திருப்பார். உன் எழுத்துரு உன்னிடம் மட்டுமே இருப்பதால், அதை வைத்து வேறு யாரும் திருத்த முடியாது. நீ அனுப்பாவிட்டால், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. நான் கமிட்டியில் இல்லை, எனக்கு ஓட்டு இல்லை. பெயர்களைச் சாதாரண எழுத்தில் வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். செயலாளர் வாங்கி வைத்துக்கொண்டார். முதலில் வெட்டப் போவது அகரத்தில் தொடங்கும் கல். சாமியார் வந்து சுவரை ஜெபித்து மந்திரிப்பது கல்லறைத் திருநாள் அன்று.

இன்று காலை பட்டறையிலிருந்து திரும்பும்போது ஏலக்கூடத்துக்குப் போனேன். ஜெசிந்தா ஐஸ் பெட்டியை மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை வெட்டப் போவதையும், பெயரைத் திருத்துவது உன் கையில் இருப்பதையும் சொன்னேன். உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். “பிள்ளைய ஏசாதீங்க சார்” என்றாள். பிறகு, “எப்பத் தெரியும்?” என்று கேட்டாள்.

அவள் புருஷனைத் தேடிப் படகுகள் போயிருந்த அன்றும் கரையில் என்னிடம் இதையேதான் கேட்டாள். நாளைக்குக் காலையில் தெரியும்மா என்று அன்று நான் சொன்னேன், மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு. இன்று சனிக்கிழமை மாலை என்று சொல்லியிருக்கிறேன், உன்னை நம்பி.

அப்பா